அமலதாசின் ஒன்பது தோல்விகள்

பேஸ்போல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆட்டங்கள் எல்லாம் ஆவணியோடு நின்றுபோன வருடம் இது. ஊரில் ஆட்சி மாறிச் சமாதானம் வரும் என்று எங்கள் ஆட்கள் வானொலியை விட்டு எழும்பாத வருடமும் இதுதான். ஐப்பசியில் ஒரு காலை மிசிசாகாவிலிருந்து தொலைபேசி வந்தது. "கந்தையா அண்ணை, அத்தான் போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டு கதிரையில இருந்தவர், அவ்வளவுதான்," என்றார் அமலதாசின் மைத்துனர். நாற்பத்தாறு வயதில் நெஞ்சு வலியா? என் மனம் இன்னும் முழுதாக நம்பவில்லை.

எனக்கு எழுத்தும் வராது, வாசிப்பும் வராது. நான் சொல்ல, என் மருமகள் எழுதுகிறார். நினைவு மட்டும் எனக்குத் தவறுவதில்லை.

அமலதாஸ் அவர்கள் மன்னாரில் பாடசாலைக் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறையில் ஆறு பேராக இருந்த நாட்களில் எனக்குப் பழக்கம். பிறகு இருவரும் மிசிசாகாவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலைக்குப் போனோம். இருபது அடி தள்ளி நின்று அவர் கழிவுத் துண்டுகளைத் தொட்டிக்குள் தவறாமல் எறிவதைக் கண்ட சுப்பர்வைசர் பீற்றர், தொழிற்சாலை பேஸ்போல் அணியில் அவரைப் பந்து எறிய விட்டார். "முழங்கையை மடக்கி எறியிறது களவு செய்யிற மாதிரிக் கிடக்கு அண்ணை," என்று முதல் வாரம் முழுக்கக் கூச்சப்பட்டார்.

தொண்ணூற்றோராம் ஆண்டுக் கோடை. உணவுக்கூடச் சுவரில் பீற்றர் ஒரு கடதாசி ஒட்டுவார். அமலதாசின் பெயர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அதற்கு நேரே ஒன்பது கோடுகளைக் கண்டு, ஒன்பது பேரை விழுத்திவிட்டார் என்று பார்க்டேல் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

"அண்ணை, உது நான் தோத்த கணக்கு! உங்களை ஆர் ஊரெல்லாம் சொல்லச் சொன்னது?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரிக்கெட்டில் பந்து வீசியவருக்கு விக்கெட்டையும் ஓட்டத்தையும்தான் எழுதுவார்கள். இந்த விளையாட்டிலோ அணி தோற்றால், அந்தத் தோல்வியைப் பந்து எறிந்தவரின் தலையில் எழுதிவிடுகிறார்கள். அடிக்காதவனுக்கு ஒன்றுமில்லை. பிடியை விட்டவனுக்கும் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் போயிருந்தேன். அமலதாஸ் எறிவது புதன்கிழமைகளில். எங்கள் அணியில் தூர அடிக்கக்கூடியவர்கள் மூன்று பேர். புதனில் அந்த மூவருக்கும் பின்நேர ஷிப்ற். சனிக்கிழமை வேலை இல்லை, மூவரும் வருவார்கள். சனியில் எறிவது மனுவல் என்ற போர்த்துக்கேயர். ஒரு சனி மனுவல் ஒன்பது ஓட்டம் கொடுத்தார், எங்கள் ஆட்கள் பதினொன்று அடித்தார்கள். மனுவலுக்கு வெற்றி. அதற்கு முந்தின புதன் அமலதாஸ் கொடுத்தது ஒன்று, எங்கள் ஆட்கள் அடித்தது சைபர்.

ஷிப்ற் அட்டவணை எழுதுவது பீற்றர். யார் எப்போது எறிவது என்று சொல்வதும் பீற்றர்.

"தம்பி, உவன் வேணுமெண்டுதான் செய்யிறான்," என்றேன்.

"உங்களுக்குச் சோத்துக்க கல்லுக் கிடந்தாலும் ஆரோ போட்டதுதான், என்ன அண்ணை?"

கடைசி ஆட்டத்துக்கு யார் எறிவது என்று வந்தபோது பீற்றர் சுவரைக் காட்டினார். மனுவலுக்கு எட்டு வெற்றி, அமலதாசுக்கு இரண்டு. அமலதாஸ் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்து கைதட்டினார். மனுவல் ஏழு ஓட்டம் கொடுத்தார், ஆட்டம் போனது. அடுத்த கோடை அமலதாஸ் அணிக்குப் போகவில்லை. கை உளைவு என்றார்.

முந்தாநாள் அடக்கம். தொழிற்சாலையார் அந்தப் பழைய கடதாசியைச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். மகள் மெரீனா அதைக் கையில் வைத்துக்கொண்டு, படங்கள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"மாமா, ரூ வின்ஸ், நைன் லொஸ். இதை வைக்கிறதோ, எடுக்கிறதோ? அப்பா அவ்வளவு மோசமோ?"

ஒன்பது ஆட்டத்தையும் கிழமைப்படி சொன்னேன். ஒன்றுக்குச் சைபர். இரண்டுக்கு ஒன்று. திரும்பவும் இரண்டுக்கு ஒன்று. மழை பெய்தன்று மூன்றுக்கு இரண்டு. மெரீனா சட்டத்தைப் பிரித்து, ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் எழுதி, மேசை நடுவில் வைத்தார்.

பின்வரிசையில் நின்ற மனுவல் வந்து அதை நெடுநேரம் வாசித்தார். பிறகு மெரீனாவிடம் ஏதோ சொன்னார்.

"புதனை அப்பாதான் கேட்டு எடுத்தவராம், மாமா. மனுவலின்ர அப்பாவுக்குச் சனியில மட்டும்தான் ஆட்டம் பாக்க வர ஏலுமாம். அதாலை எங்கட அப்பா சனியை விட்டுக் குடுத்தவராம்."

அமலதாஸ் அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஆனால் என்னிடம் ஒரு சொல் சொல்லாமலா? அந்த மூவருக்கும் புதனில் பின்நேர ஷிப்ற் போடச் சொன்னதும் அமலதாசா? மனுவல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போய் வாரும், தம்பி. ஒன்பதும் உம்முடையதல்ல. சனி எப்படிக் கைமாறியது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். பீற்றர் போன மாரியில் காலமானார். இப்போது நீர். மிஞ்சியிருப்பவர் மனுவல்.