அவர் பெயரைச் சொன்ன நாள்

இதில் ஒரே ஒரு பெயர்தான் வரும். அது என் வீட்டுக்காரருடைய பெயர். எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை: சூசை. ஆனால் கலியாணம் ஆனதிலிருந்து நான் சொல்லப்போகும் அந்த நாள் வரைக்கும் என் வாயால் அதைச் சொன்னதில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், மாரியம்மனைக் கும்பிட்டவர்களும் நம்பினார்கள், மாதாவைக் கும்பிட்டவர்களும் நம்பினார்கள். வேறு எதில் சண்டை போட்டாலும் இதில் எல்லாரும் ஒரே கட்சி.

நானும் பயந்துதான் வாயைக் கட்டினேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வேறு காரணம் இருந்தது. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை அந்தப் பெயரை நாயை அதட்டுகிற மாதிரி கத்துவார். கங்காணி அதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை, பின்னால் ஒன்று சேர்த்துத்தான் சொல்வார். இப்படி ஆளாளுக்கு மிதித்த பெயரை நான் ஒருத்தியாவது பத்திரமாக வைத்திருப்போமே என்று இருந்தேன். அடக்கமான பெண் என்று லயத்தில் மெச்சினார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வீம்பு.

அந்த வீம்பைக் காப்பாற்றுவது லேசாக இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மாதாவின் புருஷனான சூசையப்பர் திருநாளை ஒட்டிப் பிறந்த பையன்களுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரையே வைத்துவிடுவார்கள். அவர்களை நான் எப்படிக் கூப்பிடுவது? "பேருக்காரரே, பால் குடிக்க வாங்க. சின்னப் பேருக்காரரே, நீங்களும் வாங்க" என்பேன். ஒரு நாள் ஒரு தாய் கூடையும் தலையுமாகச் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"எம்புள்ளகிட்ட பேரு என்னான்னு கேட்டா பேருக்காரருங்குது. என்னாத்த சொல்லிக் குடுத்தீங்க?"

"ஒம்புள்ளைக்கு வைக்க ஒலகத்துல வேற பேரே கெடைக்கலியா ஒனக்கு?" என்று நானும் விடவில்லை.

ஒன்றை ஒதுக்கி ஒதுக்கி நடந்தால் அதுவே காலில் இடறும். கீழே பஜாரில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் பெயர் யூசுப். அவர்தான் முதலில் சொன்னார், தன் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் ஒன்று என்று.

"நம்ம யூசுப் நபிய அண்ணந்தம்பிங்களே பாழுங்கெணத்துல தள்ளி வித்துட்டாங்க. வித்த நாட்டுல போயி அவரு ஊருக்கே சோறு போட்டாரு. எங்கிட்ட நாளைக்கு ஒனக்குக் குடுக்க மாவு இல்ல. பேரு மட்டும் அந்தப் பேரு" என்று சிரித்தார்.

தொழிற்சாலையில் மரவேலை செய்ய நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்த சிங்களத் தச்சரை ஜூசே பாஸ் என்றார்கள். அவரும் எங்களைப் போல மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர். அதுவும் இந்தப் பெயர்தான் என்று அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்காட்டிச் சொன்னார். நான் சிங்களம் படித்ததே பிள்ளைக்காம்பராத் தொட்டில்களை அவர் பழுது பார்த்த நாட்களில்தான். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் வேறு சபை, அவர் யோசேப்பு. பங்களாவில் பெரிய துரை ஜோசப். அங்கே கொஞ்ச நாள் நான் வேலைக்கு நின்றபோது துரைசாணி அவரை "ஜோ, ஜோ" என்று புல்வெளி முழுக்கக் கேட்கக் கூப்பிடுவாள். துரை நாளுக்கு நாள் சிவந்து கொழுத்தாரே தவிர, அவர் ஆயுசு குறைந்த மாதிரி தெரியவில்லை. இதை லயத்தில் வந்து சொன்னேன். வெள்ளைக்காரருக்கு வேற ஆயுசு என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் மாதா கோயில் சாமியார் இத்தாலிக்காரர். அவரிடம் கேட்டபோது விரலில் எண்ணியபடி சொன்னார். யூதர் பாஷையில் அது யோசேப். இன்னும் கூடட்டும், பெருகட்டும் என்று பிள்ளையை வாழ்த்துகிற பெயராம். அரபு நாட்டுக்குப் போய் யூசுப் ஆனது. அவர் ஊரில் ஜுசெப்பே. போர்த்துக்கீசர் வாயில் ஏறிக் கப்பலில் வந்து, இந்தியக் கரையில் முத்துக் குளித்தவர்களிடம் சூசையாகவும், இந்த நாட்டுக் கரையில் மீன் பிடித்தவர்களிடம் ஜூசேயாகவும் இறங்கிவிட்டது. எங்கே போனாலும் அந்த ஊர் வாய்க்குத் தக்கபடி மாறி அங்கேயே தங்கிவிட்டது, ஒருவரும் அதைத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருக்கும். பெயருக்குக் கிடைத்த இடம் அந்தப் பெயரைச் சுமந்த மனிதருக்குக் கிடைக்கவில்லையே.

நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, எங்கள் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி எங்களை நாடில்லாதவர்கள் ஆக்கினார்கள். ஓட்டும் போயிற்று. இந்த நாட்டுப் பிரஜை ஆக வேண்டுமானால் விண்ணப்பம் போடு, இங்கேதான் குடும்பமாக வாழ்கிறாய் என்று நிரூபி என்றார்கள். நான் அந்த லயத்திலேயே பிறந்தவள். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எங்கள் மகள் பிறந்து ஒரு வயசுகூட ஆகவில்லை. அவளுக்காவது ஒரு நாடு இருக்கட்டும் என்றுதான் அவர் விண்ணப்பம் போட்டார். இரண்டு வருஷம் இழுத்தடித்துவிட்டு நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று எங்களைப் பங்கு போட்டது அதற்கும் எத்தனையோ வருஷம் பிந்தி.

தலவாக்கலையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அரசாங்கக் கச்சேரி விறாந்தையில் எங்களைப் போல இன்னும் நிறையக் குடும்பங்கள் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. அவரை முதலில் உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். கள்ளக் குடும்பம் காட்டி உரிமை கேட்கிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். அதனால் புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைத்து ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பார்கள். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் சிங்கள அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஐயா, கொழும்புக்காரர். அதிகாரி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஒங்க புருஷன் பேரு என்ன?" என்றார் தமிழ் ஐயா.

தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ கோயிலிலோ இப்படிக் கேட்டால் பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லிவிடுவார்கள். அது எங்கள் வழக்கம். சொல்ல ஆள் வேண்டும் என்றே யாரையாவது கூட்டிக்கொண்டு போவோம். இங்கே கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். நான் தமிழ் ஐயாவைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. எங்கள் பெண்கள் சொல்ல மாட்டார்கள் என்று அதிகாரியிடம் எடுத்துச் சொன்னார். அதிகாரி முடியாது என்று தலையை ஆட்டினார். அவள் வாயால்தான் வர வேண்டும், சொல்லாவிட்டால் புருஷன் பெயர் தெரியாதவள் என்று எழுதி முடித்துவிடுவேன் என்றார்.

"சொல்லிருங்கம்மா. இது கோயில் இல்ல" என்றார் தமிழ் ஐயா, மெதுவாக.

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஐயா, எங்க பஜார்ல கடை வச்சிருக்க நானா பேருதாங்க அவுக பேரும். எங்க தோட்டத்து மரவேலை பாஸ் பேரும் அதுதாங்க. பெரிய தொரை பேரும் அதேதாங்க. மாதாவோட புருஷன் பேருங்க. இதுக்கு மேல என்னாங்க சொல்றது?" என்றேன்.

அவர் மொழிபெயர்த்தார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அப்படியானால் இவள் கடைக்காரன் பெண்டாட்டியா, தச்சன் பெண்டாட்டியா, துரை பெண்டாட்டியா? கேட்டுச் சொல்" என்றார் சிங்களத்தில்.

தமிழ் ஐயா அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தார், முடியாமல் பேனாவைத் திறந்து மூடினார்.

"நீங்க சொல்ல வேணாங்க ஐயா. சிங்களத்துலயே வெளங்கிருச்சு" என்றேன்.

கோபம் உச்சிக்கு ஏறியது. இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்ததை இந்த மனிதர் காலடியில் போட்டுத்தான் நான் யார் பெண்டாட்டி என்று காட்ட வேண்டுமா? அழுகையும் வந்தது. அழக் கூடாது என்று எழுந்து நின்றேன். மெதுவாக முனகிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முனகுவானேன் என்று தோன்றியது. எதிர்மலையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலை எடுத்தேன்.

"சூசை!"

அந்தக் குரலுக்குக் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. பிறகு அடக்க முடியவில்லை.

"சூசை! எழுதுங்க. யோசேப்புன்னு எழுதுறதானாலும் எழுதுங்க. ஜோசப், யூசுப், ஜூசே, எப்புடி வேணுமானாலும் எழுதுங்க. எல்லாம் ஒரே பேருதான். நான் ஒரே ஆளுக்குத்தான் பொஞ்சாதி!"

கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார். பின்னாலேயே பியூன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவர் அவனைக் கவனிக்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தார்.

"உன்னை யார் உள்ளே கூப்பிட்டது?" என்று அதிகாரி எரிந்து விழுந்தார்.

"எம் பொஞ்சாதி கூப்புட்டுச்சுங்க. வந்தேன்" என்றார் அவர்.

அவர் குரலில் பயமும் இல்லை, திமிரும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தேன், அவ்வளவுதான். அதிகாரி சிரிக்கவில்லை. எதையோ எழுதிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். திரும்பி வரும் வழியில் தலவாக்கலையில் இறங்கும்போது, "நல்லாத்தான் இருக்கு நீ கூப்புடுறது" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உரிமை கிடைக்கவில்லை. இங்கே தொடர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி போதாதாம். என் தாயும் தகப்பனும் அந்தத் தோட்டத்து மேட்டில் புதைந்து கிடக்கிறார்கள், அதற்கு மேல் என்ன தொடர்ச்சி வேண்டும் என்று தெரியவில்லை. லயத்திலோ வேறு காரணம் சொன்னார்கள். புருஷன் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டி கத்தினாள், அதனால்தான் வந்த காரியம் கெட்டது, இனி ஆளுக்கும் என்ன ஆகுமோ என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேச்சு. கடைசியில் உபதேசியாரையே என்னிடம் அனுப்பிவிட்டார்கள். சாமியார் வராத ஞாயிறுகளில் எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர் அவர், நல்ல மனிதர்.

"சூசையப்பருக்கு ஒரு நேர்ச்ச வச்சு மன்னிப்புக் கேட்டுக்கம்மா. எல்லாம் சரியாப் போகும்" என்றார்.

"கேக்குறேங்க. அதுக்கு முன்ன ஒன்னு சொல்லுங்க. சூசையப்பரும் மாதாவும் பேரு பதியத்தானே ஊர் விட்டு ஊர் போனாங்க? போன எடத்துல அவங்களுக்குத் தங்க ஒரு காம்பரா குடுத்தாங்களா?"

அவர் கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"பொறகு ராசாவுக்குப் பயந்து புள்ளயத் தூக்கிக்கிட்டு அடுத்த நாட்டுக்கு ஓடுனாங்க. வழியில கூட்டத்துல புருஷன் தவறிப் போனா மாதா எப்புடிக் கூப்புட்டிருப்பாங்க? இந்தாங்க, இந்தாங்கன்னா?"

"அதெல்லாம் வேதத்துல எழுதலியேம்மா."

"எழுதலன்னா நான் சொல்றேன். பேரச் சொல்லித்தான் கூப்புட்டிருப்பாங்க. ஆனா ஒன்னுங்க, அவங்க ஓடுனாங்க. நான் ஓடப் போறதில்ல. அதையும் சூசையப்பர்கிட்ட சொல்லிருங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பீலியடியில் பெண்கள் குடங்களை வைத்துவிட்டு எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் விறகு பிளந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு வந்து, பீலியடிக்கும் அதற்குக் கீழ் லயத்துக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

"சூசை! தேத்தண்ணி ஆறுது!"

கோடரிச் சத்தம் நின்றது. "வாறேன்" என்றார்.