கக்கூஸ் கப்பு

எங்கள் அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் காப்பித்தூள் கடை. கீழே கடை, மேலே வீடு. கொட்டை வறுக்கிற வாசனை எங்கள் துணிமணி, தலையணை, பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். அந்த வீட்டில் பிறந்துவிட்டு, கோயம்புத்தூரில் படிக்கும்போது நான் மார்மன் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். அந்தச் சபைக்காரர்கள் காப்பி, டீ இரண்டையும் தொட மாட்டார்கள்.

நாங்கள் ஏற்கெனவே வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள். அதனால் சபை மாறியதை அம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்குத்தான் ஆறவில்லை.

"ஏலே, ஊர்ல எத்தனையோ சபை இருக்கு. நம்ம யாவாரத்துக்கு ஆகாத ஒண்ணைத் தேடிப் போயி சேந்திருக்கியே?" என்றார்.

படிப்பு முடிந்ததும், சபைக்காக வீடு வீடாகப் போய்ப் போதிக்கிற இரண்டு வருட ஊழியத்துக்கு விண்ணப்பித்தேன். பயிற்சி பிலிப்பைன்ஸில் என்று வந்தது. ஆனால் ஆரம்பப் பாடங்கள் வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டரில். மாடி அறையில் வெள்ளைச் சட்டையும் டையுமாக உட்காருவேன். கீழே அரவை மிஷின் ஓடும். திரையில் பல நாட்டுப் பையன்கள் ஜெபம் செய்துகொண்டிருப்பார்கள்; எனக்கு மூக்கு முழுக்கக் காப்பி. காப்பியைக் கைவிட வேண்டுமானால் வெறுத்தால்தான் முடியும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. வாசனை மேலே ஏறும்போதெல்லாம் சாக்கடையை, செத்த எலியை நினைத்துக்கொள்வேன். அது நன்றாகவே பலித்தது. விமானம் ஏறப் போகும்போது அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குக் குமட்டியது. வாயால் மூச்சு விட்டுச் சமாளித்தேன்.

அருவருப்பை ஒரு தடவை பழக்கிவிட்டால் அது சொன்ன இடத்தில் நிற்பதில்லை. பிலிப்பைன்ஸில் போய் இறங்கியதும் அதைக் கண்டுகொண்டேன்.

பயிற்சி நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி உண்டு. குளியலறை நேரம் தவிர அவனைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் விடக் கூடாது என்பது விதி. எனக்கு வாய்த்தவன் ஓர் அமெரிக்கன். கதவை அடைக்கிற உடம்பு, குழந்தை முகம். எப்போதும் சிரிப்பான். சாப்பிடும்போதும் சிரிப்பான், வாயில் அரைபட்டுக்கொண்டிருப்பது முழுவதும் தெரியும். காலுறையைக் கழற்றி முகர்ந்து பார்த்து, நாளைக்கும் தாங்கும் என்று கட்டில் கம்பியில் தொங்கவிடுவான். என் தலைமாடு அந்தக் கம்பிக்குப் பக்கத்தில்.

அதைவிடக் கொடுமை கழிப்பறை. காகிதம்தான் இருந்தது, தண்ணீர் மொண்டுகொள்ள ஒன்றும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விடுமுறை நாளில் வெளியே போனபோது, கூட்டாளி கடை வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரமாக, ஒரு கடைக்காரம்மாளிடம் கையால் ஜாடை காட்டினேன். அந்த ஊர் வீடுகளிலும் தண்ணீர்தான் போலிருக்கிறது. அவள் சட்டென்று புரிந்துகொண்டு, கைப்பிடி வைத்த நீலக் கப்பு ஒன்றை எடுத்துத் தந்தாள். அந்த நாட்டில் என்னை முதலில் புரிந்துகொண்ட மனுஷி அவள்தான். கப்பைக் கழுவிக் கழுவிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த விடுமுறை நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போன் பேசும் முறை. அம்மா எடுத்தாள்.

"ஏ மக்கா, நல்லா சாப்பிடுதியா? ஒன்னைய அங்கன எல்லாரும் மூப்பர்னா கூப்பிடுதாவ?"

"ஆமாம்மா. ஊழியத்துக்கு வந்த எல்லாப் பயலும் மூப்பர்தான்."

"மீசையே சரியா மொளைக்கல, அதுக்குள்ள மூப்பராக்கும்" என்று அவள் சிரித்தாள். பேசிக்கொண்டே திரும்பினேன். கூட்டாளி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் என் நீலக் கப்பு. அதில் பாலும் கார்ன்ஃபிளேக்ஸும்.

"நல்ல பெரிய கோப்பை வாங்கியிருக்கிறாய்" என்றான். கடைசிச் சொட்டுப் பாலை அண்ணாந்து குடித்து, உதட்டை நக்கினான்.

"ஏலே, என்னல ஆச்சு?" என்று அம்மா கத்துகிறாள். நான் போனை வைத்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

அவனிடம் சொல்லத்தான் செய்தேன். அது எதற்கான கப்பு என்று தெரிந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கழுவித்தானே வைத்திருந்தாய்?" என்றான். பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தான். அதற்குப் பின் அவன் எதிரே உட்கார்ந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சில நாளில் மீன் குழம்பு ஒத்துக்கொள்ளாமல் நான் படுத்துவிட்டேன். எழுந்து ஓடுவதற்குள் தரையெல்லாம் வாந்தி. உடுப்பும் கெட்டுவிட்டது. என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அவன் வகுப்புக்குப் போகவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு முட்டி போட்டு, பழைய துண்டால் வெறுங்கையாகவே துடைத்தான். என்னைத் தூக்கி உட்காரவைத்து உடுப்பை மாற்றினான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எங்கள் தெருவில் கறவைக்காரர்கள் மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல என் முதுகைத் தட்டினான்.

"உனக்கு அருவருப்பாக இல்லையா?" என்றேன்.

"எங்கள் வீட்டில் மாட்டுப் பண்ணை. இதெல்லாம் ஒன்றுமே இல்லை."

நன்றி என்றேன், மனசாரத்தான். ஆனால் அந்தக் கையாலேயே அவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து என் வாயருகே நீட்டியபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். உபகாரம் வேறு, குமட்டல் வேறு. ஒன்று வந்ததும் மற்றது போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

பயிற்சி முடிந்து அவன் ஏதோ ஒரு தீவுக்குப் போனான். நான் இந்தியா திரும்பி, வடக்கே ஒரு ஊரில் ஊழியத்தை முடித்தேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அப்பா பைக்கோடு நின்றிருந்தார். சலவைச் சட்டை, தலையில் ஈரம், சோப்பு வாசனை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பிறகு அம்மாதான் சொன்னாள்:

"ஒனக்கு அந்த வாடை ஆவாதாம்லா. ரெண்டு நாளா கடைப்பக்கமே போவாம, வேலையாளை வச்சு ஓட்டுதாரு."

அதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதே இல்லை.

இப்போது கடையநல்லூரில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அமெரிக்காவிலிருந்து கூட்டாளி அவ்வப்போது வீடியோ அனுப்புவான். போன வாரம் வந்ததில், பசுவுக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு கன்றை வெளியே இழுக்கிறான். ரத்தமும் கோழையுமாகக் கன்று அவன் மடியில் வழுக்கி விழுகிறது. அவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா செல்லைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏ யப்பா, எம்புட்டுப் பெரிய கன்னு! தாய்க்கு ஒண்ணும் ஆவலயே? கேளுல அந்தப் பயகிட்ட."

நான் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.