டாக்டரும் ஜோசியரும் ஒத்துக்கொண்ட நாள்

எங்கள் அக்காள் மறைந்து ஓராண்டு ஆகிறது. அழுகையோடுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அவர் கல்யாண ஆரவாரமே காதில் விழுகிறது.

உடன்குடிப் பக்கம் பிறந்தவர் அக்காள். அப்பா தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்தபோது எங்களோடு இங்கே வந்தார். படிப்பு முடித்து, கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டரானார். புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அத்தானோடு நிச்சயம் முடிந்த பிறகு, காய்ச்சல் விடாமல் அடித்தது. ஈறில் இரத்தம் கசிந்தது. சென்னையில் பரிசோதித்து, இரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

மருந்து ஏற்றியதில் வாய் புண்ணாகி, முடியெல்லாம் கொட்டியது. பிறகு ஒரு காலை டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். “மஜ்ஜையில கெட்ட செல் தென்படல. நோய் அடங்கியிருக்கு. ஆனா அழிஞ்சுடுச்சுன்னு சொல்ல மாட்டேன்.”

இத்தோடு நிறுத்தி வீட்டுக்குப் போகலாம். அல்லது மாதந்தோறும் சில நாள் ஊசி போட்டு, நோய் திரும்புவதைத் தள்ளிப்போடப் பார்க்கலாம் என்று இரண்டு வழி சொன்னார். உடன்பிறந்தவர் மஜ்ஜையை ஏற்றும் முறை வெளிநாட்டில்தான் நடக்கிறது என்றார். “எங்கிட்ட எடுங்க டாக்டர்!” என்று நான் கையை நீட்டினேன். இங்கே அதற்கு வசதியில்லை என்று தலையசைத்தார்.

“சரியாயிட்டுல்லா, இன்னும் எதுக்கு ஊசி?” என்றார் அம்மா.

“அடங்கித்தாம்மா கெடக்கு, போகல. நான் போட்டுக்கிடுதேன்” என்றார் அக்காள்.

அத்தானை வரவழைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். “நீங்க விலகிக்கிட்டா எனக்கு வருத்தமில்ல.”

“ஊசி எந்த வாரம்? அத விட்டுட்டு நாள் பாக்கச் சொல்லுதேன்” என்றார் அத்தான்!

வீடே அமர்க்களப்பட்டது. ஊசிக்குப் பின் வெள்ளை அணுக்கள் குறையும், கூட்டம் ஆகாது, அவை ஏறிய வாரத்தில் கல்யாணத்தை வையுங்கள் என்றார் டாக்டர். அந்த வாரம் முகூர்த்தமே இல்லை என்றார் ஜோசியர். அப்பா சென்னைக்கு டிரங்க் கால் போடுவார். உடனே ஜோசியர் வீட்டுக்கு ஓடுவார். கடைசியில் இருவரும் சம்மதித்த ஒரு வெள்ளிக்கிழமை அகப்பட்டதும், “ஏளா, கெடச்சிட்டு!” என்று அக்காள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். மணவறைக்குப் போகுமுன் சவுரி வைக்க வந்தவர்களிடம், “வேண்டாம், இது புதுசா மொளச்ச முடி, எல்லாரும் பாக்கட்டும்” என்று சிரித்தார்.

ஊரிலேயே ஊசி போட்டுக்கொண்டு வேலைக்கும் போய்வந்தார். மறு ஆண்டு நோய் திரும்பியது, மருந்து கேட்கவில்லை. ஊசியெல்லாம் வீணாயிற்றே என்று அழுத அம்மாவிடம், “வீணாவாம்மா? நான் குடும்பம் நடத்துனத நீ பாத்தேல்லா?” என்றார்.

பணி முடிந்த அலுப்போடு வந்து இரத்தம் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும், இரண்டு ஊர் மருத்துவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தானுக்கும் இதில் நன்றி எழுதட்டுமா என்று கேட்டேன். “எம் பொஞ்சாதிய நான் பாத்ததுக்கு நீ என்னத்துக்கு நன்றி சொல்லுத?” என்று கோபித்துக்கொண்டார். ஆகவே அவருக்கு எழுதவில்லை.