கூடப் போட்ட கால் சுற்று

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லாரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் பணிமனையில் தொழில் பழகியவர். சூரியனுக்குள் நடக்கிற அணு இணைவை ஓர் எஃகுக் கலத்துக்குள் நடத்தி மின்சாரம் எடுக்க வேண்டுமென்று அங்கே முப்பது பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கலத்துக்குள் பொட்டுக் காற்றுகூட இருக்கக் கூடாது. அதன் போல்ட்டுகள் அத்தனையும் இருபத்திரண்டு வருஷமாக ஸ்பானர் கைப்பட இறுக்கியவை. மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வேலை தெரிந்தவர், இருந்துவிட்டுப் போகட்டுமே!

புதிதாக மாட்டிய கண்ணாடி ஜன்னலில் துளிக் கசிவு தெரிந்தது. கணக்குப் போடுகிற டாக்டரம்மா வந்து பார்த்தாள்.

"இதுக்கு மேல இறுக்காதீங்கண்ணா. கலத்தைச் சூடாக்கினா ஜன்னலைச் சுத்தியிருக்கிற வளையம் விரிஞ்சு தானா அடைச்சுக்கும். இப்பவே இறுக்கினா அந்தச் சூட்டுல கண்ணாடி தாங்காது."

"கணக்கு பேப்பர்ல நல்லாத்தாம்மா இருக்கு. காத்து என்ன, பேப்பரைப் படிச்சிட்டா உள்ள வருது?"

எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். அவள் தலை மறைந்ததும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கால் சுற்று கூடப் போட்டார். கசிவு நின்றது. மீசையைத் தடவிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கலத்தைச் சூடேற்றினார்கள். கலத்துக்குள் நடப்பதைப் படமெடுக்க ஜன்னலுக்கு எதிரே வைத்த கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். கண்ணாடி படாரென்று உடைந்தது. சில்லுகள் காற்றில்லாத கலத்துக்குள் பாய்ந்து, எதிர்ச் சுவரில் மோதி, எகிறி வெளியே திரும்பின. பாவம், பையனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.

விசாரணையில் டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் சொன்ன அளவோட நிறுத்தினீங்கதானே?" ஸ்பானர் தலையாட்டினார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அப்படியானால் கேமரா இடித்துத்தான் உடைந்திருக்கும், தப்பு கேமராக்காரனுடையது என்று எழுதி முடித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவி தம்பிக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தத்திலேயே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"இடிச்ச மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல மாமா. ஆனா எல்லாரும் சொல்றாங்க, இடிச்சிருப்பேன் போல. என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு."

ஸ்பானர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இடிக்கலடா! நான்தான் கால் சுத்து கூட இறுக்கிட்டேன். அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்."

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். அவரை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

தம்பி கட்டுப்போட்ட முகத்தை அவர் பக்கம் திருப்பினான். கோபமே இல்லாமல் சொன்னான்.

"சூடேத்தும்போது கண்ணை மறைக்கிற முகக்கவசம் போட்டே ஆகணும்னு ரூல் மாமா. நான்தான் கழட்டி வச்சேன். நீங்க இறுக்கின ஜன்னல்தானே, என்ன ஆயிடப்போகுதுன்னு."