தேக்குச் சருகில் ஒரு வெள்ளைக் காளான்

சூலூரில் பேருந்துக்கு நின்றிருந்தபோது கலாமணியின் தம்பி அழைத்தார். "அக்கா தவறிட்டாங்க சார்." அன்னூரில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை எனக்குக் கலாமணிமேல் கோபம்தான். மழை தொடங்கும் நேரத்தில் யாராவது போவார்களா?

கல்லூரித் தாவரவியல் துறையில் நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் அடுத்தடுத்த மேசை. மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில், வனத்துறை அனுமதியோடு, ஆனைகட்டிப் பக்கம் சருகு புரட்டிக் காளான் தேடப் போவோம். கூட வந்தவர்களுக்குத் தெரியும்: தீக்குச்சித் தலையளவு காளானைக் கண்டதும் பறிக்கக் கை நீளும். கலாமணி விடமாட்டார். "இலையோட எடுங்க. ஊரு தெரியாம ஆளை எப்படிங்க அடையாளம் சொல்றது?" என்பார். எந்த மரத்து இலையில் முளைத்தது என்பதுதான் பாதி அடையாளம்.

ஒருமுறை தேக்குச் சருகில் வெள்ளைக் குடையும் முடி போன்ற கறுத்த காம்புமாக ஒன்று கிடைத்தது. எந்த நூலிலும் அது இல்லை. புது இனம் என்று கட்டுரையே எழுதிவிட்டோம். எனக்குப் பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காளானுக்காவது பெயர் வைத்துவிட்டுப் போக அத்தனை ஆசை. அனுப்பும் நாளில் கலாமணி கையெழுத்துப் போட மறுத்தார். தேக்கிலையில் வழக்கமாக வரும் பழுப்புக் காளானின் இளம் பருவமாக இது இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

"சந்தேகந்தானுங்களே? அனுப்பிப்போடலாமுங்க" என்றேன்.

"பேரு வெச்சுப்போட்டு அப்புறம் அழிக்கறதுக்கு, தெரியலைன்னு இப்பவே சொல்லிப்போடலாமுங்க சார்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோடை முழுவதும் தனியாகத்தான் டீ குடிக்கப் போனேன். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

அடுத்த மழையில் அவரே காட்டுக்குப் போய் ஒரு தேக்கிலையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நரம்பு நெடுகிலும் வெள்ளை, வெளிர்மஞ்சள், பழுப்பு என்று எல்லாப் பருவத்திலும் காளான்கள். நுண்ணோக்கியிலும் எல்லாம் ஒன்றுதான். எங்கள் புது இனம், பழைய இனத்தின் குழந்தை. 'நான் சொன்னேன் பார்த்தீங்களா' என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கலாமணி கேட்டது, "டீ குடிக்க வாரீங்களா?" மட்டும்தான்.

அவர் போனபின் பெய்த மழையில் தனியாகப் போனேன். புங்கஞ்சருகில் கடுகளவு ஒன்று; நான் பார்த்ததே இல்லை. இலையோடு எடுத்துப் போட்ட உறைமேல், பெயர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். வெட்கமாக இல்லை. கலாமணியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தத் துணிவைத்தான். சந்தேகப்பட இனி அவர் இல்லை. அடுத்த மழைக்கு, அந்தச் சந்தேகத்தையும் நானே பட்டுக்கொண்டு, மறுபடி போக வேண்டும்.