மத்தி காயாத மணல்

…அதனால்தான் சொல்கிறேன் கன்னியம்மா, கவலை மீன் என்று சொல்லி அந்த மீன்காரி உன் தலையில் கட்டியது மத்தி. பையின் அடியில் எண்ணெய் வடிகிறது பார், அந்த வாடை வாசலுக்கே வந்துவிட்டது. இரண்டும் அக்காள் தங்கை மாதிரிதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் குணம் ஒன்றா? இதே தப்பைச் செய்துதான் எங்கள் அப்பா, "நைனா" என்போம், ஒரு மழைக்காலம் முழுக்க எங்களை வெறும் கூழ் குடிக்க வைத்தார்.

அப்போது காத்திவாக்கத்தில் இருந்தோம், எனக்கு எட்டு வயதிருக்கும். கவலை வருடம் தவறாமல் காற்று திரும்பும்போது கூட்டமாக வரும். மணலில் பரப்பினால் இரண்டு வெயிலில் சருகாகிவிடும், கடலுக்குப் போக முடியாத ஐப்பசி கார்த்திகையில் பானையில் இருக்கும் அந்தக் கருவாடுதான் எங்களுக்குத் துணை. மத்திக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது, நினைத்தால் வரும், பல வருடம் எட்டியே பார்க்காது. அந்த வருடம் பார்த்துக் கவலை வரவில்லை, மத்தி கட்டுமரம் தாழும் அளவுக்கு வந்தது. உடனே விற்றுத் தொலைக்கலாம் என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். நைனா கேட்காமல், இதுவும் கவலை மாதிரி காய்ந்துவிடும் என்று அத்தனையையும் மணலில் பரப்பி, காக்கை ஓட்ட என்னை உட்கார வைத்தார்.

மூன்று நாளாகியும் காயவில்லை. மணல்தான் எண்ணெய் குடித்துக் கறுத்தது. நாற்றத்தில் காக்கைகூட வராமல் எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"இன்னும் ஒரு வெயிலு காட்டு, காஞ்சிடும்" என்றார் நைனா.

"எண்ணெயப் போயி காய வெச்சிகினு கீறியே, உன்ன இன்னா சொல்றது" என்றாள் அம்மா.

கடைசியில் தென்னந்தோப்புக்காரர் அதை எருவுக்கு அள்ளிக்கொண்டு கொஞ்சம் கேழ்வரகு கொடுத்தார். மழை பிடித்ததும், கூழுக்கு உட்காரும்போதெல்லாம் நைனா அந்தக் காலிப் பானையைத் திறந்து பார்ப்பார். அம்மா வந்து மூடிவிட்டுப் போவாள்.

மறுவருடம் கவலை, ஒன்றுமே நடக்காத மாதிரி, காற்றோடு வந்து நின்றது. அம்மா காய்ந்த மீன் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"கையப் பாரு, எண்ணெ ஒட்டுதா? இதான் கவலை."

எதற்கும் எதிர்ப்பேச்சு பேசும் மனிதர், கையை முகர்ந்து பார்த்துவிட்டு அந்த மீனைப் பானையில் போட்டு மூடினார்.

அந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்ச இடத்தில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். இப்போது மத்தி எந்நேரமும் கிடைக்கிறது, கவலையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தானே, மழைக்கு முன் கருவாடு போடக் கவலையாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன். ஆமாம், பையில் பாதிதானே இருக்கிறது, மிச்சம் எங்கே? மாடியிலா? காயப்போட்டுவிட்டாயா? நகரு, நகரு, அந்த முறத்தை எடு, அள்ளி வந்துவிடலாம், குழம்புக்காவது ஆகட்டும்.