புகைவாடை ஏறிய வெள்ளைச் சட்டை

தம்போய் டவுனில் டயர் மாற்றப் போன பட்டறையில் சூடான ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்து வேலைக்கு வந்த எனக்கு, இந்த வயதிலும் பழைய புகைக்கொட்டகை நினைவுக்கு வந்தது.

ரெங்கம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கும் இடத்தில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கொட்டகை இருந்தது. அதை ஒட்டிய அறையில்தான், எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் கராத்தே சொல்லிக்கொடுத்த பத்மா மாஸ்டர் எங்களை வரிசையாக நிறுத்துவார். அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிடுவார் என்ற பயத்தில், துவைத்த வெள்ளைக் கராத்தே உடையை வீட்டுக் கொடியில் போடாமல், தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே காயப்போடுவேன். அது வாரத்துக்கு வாரம் பழுப்பேறும், புகை என் தலைமுடியிலும் ஏறிக்கொள்ளும். உதைக்கும்போது போடவேண்டிய சத்தம்கூடப் பயத்தில் என் தொண்டையைத் தாண்டாது.

"என்னா புள்ள, ஸ்கூலுக்குப் போறியா, புகைபோடப் போறியா?" என்று ஒருநாள் அப்பா என் தலைமுடியை முகர்ந்து கேட்டார்.

மறுநாள் மாலை, ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்தி இடுப்பில் இருக்க, அந்த அறை வாசலில் நின்றார். மாஸ்டர் அசையவில்லை.

"வாங்கண்ணே. பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வாங்க."

தோட்டமே பயப்படும் அப்பா குனிந்து கழற்றினார். சுவரோரம் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் சொன்னார்:

"தெனம் எல்லாப் புள்ளைங்க சத்தமும் லயம் வரைக்கும் கேக்குது லா. ஒன் சத்தம் மட்டுந்தான் கேக்க மாட்டேங்குது."